12 வருடம் சபைக்குப் போயும் வளரவில்லை என்றால் பொறுப்பு யாருடையது?

கேள்வி இது: "12 வருடமாக ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறேன். ஞானஸ்நானம் எடுத்தாயிற்று, உபவாச ஜெபத்துக்கும் போகிறேன். ஆனாலும் இரட்சிக்கப்பட்ட புதிதில் இருந்த இடத்திலேயே நிற்கிறேன். பாஸ்டரின் செய்தியில் ஆழமில்லை. சபை மாறலாமா?"

சபை மாறுவதைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன் ஒரு கணக்கு. 12 வருடத்தில் ஏறக்குறைய 624 ஞாயிறுகள். ஒரு செய்தி முக்கால் மணி நேரம் என்று வைத்தால் 468 மணி நேரம் வசனம் கேட்டிருக்கிறீர்கள். கன்வென்ஷன், உபவாசக் கூட்டம், யூடியூப் எல்லாம் தனி. ஆகவே கேட்டது போதவில்லை என்று சொல்ல வழியில்லை. கேட்டது எங்கே போயிற்று என்பதுதான் பார்க்க வேண்டியது.

எபிரெயர் 5-ஆம் அதிகாரத்தின் கடைசி நான்கு வசனங்கள் இதே நிலையில் இருந்தவர்களுக்கு எழுதப்பட்டவை. "காலத்தைப் பார்த்தால், போதகராயிருக்கவேண்டிய உங்களுக்கு" மூல உபதேசத்தையே மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறதே என்கிறார் எழுதினவர். உங்களுக்குப் பால் கொடுத்தவர், அதாவது ஆரம்பப் பாடம் கற்பித்தவர், சரியில்லை என்று அவர் சொல்லவில்லை. "கேள்வியில் மந்தமுள்ளவர்களானபடியால்" என்று கேட்டவர்கள் பக்கமே கையை நீட்டுகிறார். 14-ஆம் வசனத்தில் பூரண வயதுள்ளவர் யார் என்பதற்கு அடையாளமும் தருகிறார்: நன்மை தீமை இன்னதென்று "பயிற்சியினால்" பகுத்தறியக்கூடியவர். அதே வசனத்தில் "முயற்சிசெய்யும்" என்ற இடத்தில் வரும் கிரேக்க வினைச்சொல்தான் 1 தீமோத்தேயு 4:7-இல் "தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு" என்ற இடத்திலும் வருகிறது. ஜிம்னாசியம் என்ற சொல் பிறந்தது அந்த வேரிலிருந்து. பயில்வான் கசரத் செய்வதை 468 மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலும் பார்த்தவருடைய புஜம் பெருக்காது.

இதைச் சொன்னதும் சிலருக்கு ஒரு பயம் வரும்: வளர்ச்சி தேவன் தருவதல்லவா, நாம் முயன்றால் அது கிரியையாக, அதாவது சொந்தச் செயலால் இரட்சிப்பைச் சம்பாதிப்பதாக, ஆகிவிடாதா? பிலிப்பியர் 2:12-13 இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்", ஏனெனில் "விருப்பத்தையும் செய்கையையும்" உண்டாக்குகிறவர் தேவன். அவர் செய்கிறார், ஆகையால் நீ சும்மா இரு என்று பவுல் எழுதவில்லை. விவசாயிக்கு இது தெரியும். முளைக்க வைப்பது அவர் கையில் இல்லை. அதற்காக உழாமல் விடுகிறாரா?

இன்னொரு குழப்பம் கலாத்தியர் 6-இல் வரும். 2-ஆம் வசனம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது. 5-ஆம் வசனம் "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே" என்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் இரண்டும் பாரம்தான். கிரேக்கத்தில் இரண்டு வேறு சொற்கள். முதலாவது, ஆளை அழுத்தும் பெரும் சுமை: வியாதி, கடன், சாவு, சோதனையில் விழுந்த விழுகை. இரண்டாவது, அவரவர் தோளில் போட்டு நடக்கும் மூட்டை. "என் சுமை இலகுவாயும் இருக்கிறது" என்று இயேசு சொன்ன இடத்தில் வருவதும் இந்தச் சொல்தான். பெருஞ்சுமைக்குச் சபையைக் கூப்பிடுங்கள், வெட்கப்பட வேண்டாம். வேதம் வாசிப்பது, ஜெபிப்பது, மன்னிப்புக் கேட்பது, நாவை அடக்குவது எல்லாம் உங்கள் மூட்டை. அதைப் பாஸ்டர் தலையில் ஏற்ற முடியாது. அவர் மூட்டையும் அவர் தோளில்தான் இருக்கிறது.

முதல் வேலை, எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பது. இதில் அநேகர் தவறான அளவுகோலைப் பிடிக்கிறார்கள். எத்தனை வருட விசுவாசி, அந்நியபாஷை உண்டா, பாடல் குழுவில் இருக்கிறாரா, ஆராதனையில் கண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறார்கள். கொரிந்து சபை "யாதொரு வரத்திலும்" குறைவில்லாத சபை. முதல் நிருபம் 1:7-இல் பவுலே அப்படி ஒப்புக்கொள்கிறார். அதே ஆட்களை 3:1-இல் "கிறிஸ்துவுக்குள் குழந்தைகள்" என்கிறார். காரணம் பொறாமை, வாக்குவாதம், பவுல் கட்சி, அப்பொல்லோ கட்சி. 6-ஆம் அதிகாரத்தில் சகோதரன்மேல் சகோதரன் வழக்குப் போட்டிருக்கிறான். 11-இல் திருவிருந்துக்கு வந்த இடத்தில் ஒருவன் பசியாயிருக்கிறான், இன்னொருவன் வெறித்திருக்கிறான். ஆகவே வரத்தை வைத்து வயதைக் கணிக்காதீர்கள்.

நம்பத்தக்க அளவுகோல்கள் சாதாரணமானவை. வீட்டில் சண்டை வந்தால் நீங்களாகப் போய்ப் பேச எத்தனை நாள் ஆகிறது? இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வாரம் ஆனது இப்போது ஒரு நாளாகியிருந்தால் அது வளர்ச்சி. யாரும் பார்க்காத நேரத்தில் போனில் என்ன பார்க்கிறீர்கள்? உங்களைவிடக் கீழே வேலை செய்கிறவரிடம் எந்தக் குரலில் பேசுகிறீர்கள்? செய்தியில் வசனம் தவறாக எடுக்கப்பட்டால் உங்களுக்குத் தெரிகிறதா? கடைசிக் கேள்வியை நீங்கள் பதில் சொல்லாமல், கணவரிடமோ மனைவியிடமோ கூடப்பிறந்தவரிடமோ கேளுங்கள்: "போன வருடத்துக்கு இந்த வருடம் என்னிடம் என்ன மாறியிருக்கிறது?" அவர்கள் சொல்லும்போது குறுக்கே பேசக் கூடாது. அதுவே ஒரு பரீட்சை.

இனி வேத வாசிப்பு. வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள்; பழைய ஏற்பாடு 929, புதிய ஏற்பாடு 260. நாளுக்கு 3, ஞாயிறு 5 என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடியும். நம் சபைகளில் ஜனவரி 1 அன்று எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். வாரத்துக்கு 23 அதிகாரம். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஜனவரி முடிவதற்குள் லேவியராகமம் வந்துவிடும். யாத்திராகமத்தின் பின்பாதியில் கூடாரத்தின் அளவுகளிலேயே களைத்துப்போனவர்கள், பலிகளின் பட்டியலில் நின்றுவிடுகிறார்கள். பிப்ரவரியில் ஒரு வாரம் விட்டால் 23 அதிகாரம் கடன். கடன் ஏறினதும் குற்ற உணர்வு, அதோடு வேதாகமம் மூடப்படும். அடுத்த ஜனவரியில் மறுபடியும் ஆதியாகமம். பல விசுவாசிகளுக்கு யோசேப்பின் கதை மனப்பாடமாகவும் ஓசியா யார் என்று தெரியாமலும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஒழுங்காக வாசித்துப் பழகாதவர் புதிய ஏற்பாட்டில் தொடங்கட்டும். 260 அதிகாரம் என்பது வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 1 அதிகாரம், 52 வாரம். கணக்கு அப்படியே பொருந்துகிறது. மீதி இரண்டு நாள் விட்டதைப் பிடிக்க. வேகமாக வாசிக்கக் கூடியவருக்கு, ஸ்காட்லாந்தின் டண்டி நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மக்செய்ன் 1842-இல் தன் சபைக்கு எழுதிக்கொடுத்த அட்டவணை இன்றும் புழக்கத்தில் உண்டு: நாளுக்கு ஏறக்குறைய 4 அதிகாரம், வருடத்தில் பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை. முதல் வருடமே இதில் இறங்க வேண்டாம்.

ஆனால் வாசிப்பது வேறு, தியானிப்பது வேறு. கிலோமீட்டர் கணக்கில் ஓடுவது மட்டும் போதாது. ஒரு இடத்தில் கிணறும் தோண்ட வேண்டும். அதற்குப் பிலிப்பியர் நல்ல இடம். 4 அதிகாரம், 104 வசனம். கால் மணி நேரத்தில் முழுதும் வாசித்துவிடலாம். ஒரு வாரம் தினமும் முழு நிருபத்தையும் வாசியுங்கள். மூன்றாம் நாளில் "சந்தோஷம்" எத்தனை முறை வருகிறது, இதை எழுதுகிறவர் எங்கே கட்டுண்டு கிடக்கிறார் என்பது தானாகக் கண்ணில் படும். இரண்டாம் வாரத்திலிருந்து நாளுக்கு ஒரு பத்தி. ஒரு நோட்டில் ஐந்து விஷயம் எழுதுங்கள்: யார் யாருக்குச் சொல்கிறார், தேவனைப் பற்றி என்ன தெரிகிறது, கட்டளை ஏதாவது உண்டா, அதற்குக் காட்டும் காரணம் என்ன, இன்று இரவுக்குள் நான் என்ன செய்ய வேண்டும். "ஆகையால்", "ஏனெனில்", "அப்படியிருக்க" என்ற சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள். ரோமர் 12:1 "அப்படியிருக்க" என்று தொடங்குகிறது. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் 11 அதிகாரக் காரணம் நிற்கிறது. அதைத் தாண்டிக் குதித்துக் கட்டளையை மட்டும் எடுத்தால் பக்தி வெறும் பாரமாகிவிடும்.

பாஷையும் ஒரு தடை. இதைச் சொல்ல நம் ஆட்கள் தயங்குவார்கள். பெரும்பாலான புராட்டஸ்டண்ட் சபைகளில் கையில் இருப்பது 1871-இல் வந்த மொழிபெயர்ப்பு. அதன் ஓசைக்கு ஈடில்லை, மனப்பாடம் செய்ய அதைவிட நல்லது இல்லை. ஆனால் "உக்கிராணக்காரன்", "ஆக்கினைத்தீர்ப்பு", "இச்சையடக்கம்", "ஒப்புரவாகுதல்" என்றால் என்ன என்று திடீரென்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? உக்கிராணக்காரன் என்பவன் எஜமானுடைய பொருளைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகி. இது தெரியாமல் 1 கொரிந்தியர் 4:2-ஐ நூறு முறை வாசித்தாலும் அலுவலகப் பணம் கையில் புரளும்போது அந்த வசனம் ஞாபகத்துக்கு வராது. பழையதை வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் இக்கால மொழிபெயர்ப்பு ஒன்றும் இருக்கட்டும். புரியாத சொல்லை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வாருங்கள்.

இந்த இடத்தில் வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கும் அட்டையில் எரேமியா 29:11 வந்தால் வீட்டில் சந்தோஷம். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அது யாருக்கு எழுதின கடிதம்? பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு. அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அதற்கும் மேலே, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று இருக்கிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொல்லி ஜனங்களை நம்பவைத்தான், அது பொய். எரேமியாவின் வாக்குத்தத்தத்தை வெட்டி எடுத்து, அனனியாவின் அர்த்தத்தோடு வாசிப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அட்டையைக் கிழிக்கச் சொல்லவில்லை. வந்த வசனம் இருக்கும் அதிகாரத்தை முழுதும் வாசிக்கும் வரை அதைச் சுவரில் ஒட்டாதீர்கள், அவ்வளவுதான்.

ஞாயிறு செய்தியையும் இப்படியே கையாளலாம். மூன்று வரி போதும்: வசனப் பகுதி, பிரசங்கியார் சொன்ன முக்கியக் கருத்து, நான் செய்ய வேண்டியது. புதன்கிழமை அதை எடுத்து, அந்தப் பகுதி அப்படித்தான் சொல்கிறதா என்று பாருங்கள். பெரோயா பட்டணத்தார் பவுலின் பிரசங்கத்தையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் (அப்போஸ்தலர் 17:11). அதற்காக அவர்களை லூக்கா நற்குணசாலிகள் என்கிறார். ஆழமில்லாத செய்தியிலும் ஒரு வேதப்பகுதி இருக்கும். ஆழத்துக்கு இறங்க அது போதும்.

மனப்பாடம் ஞாயிறுபள்ளியோடு நின்றுவிடுகிறது. பத்து வயதில் சங்கீதம் 23-ஐயும் 121-ஐயும் ஒப்பித்தவர்கள் நாற்பது வயதில் புதிதாக ஒரு வசனம்கூடச் சேர்த்திருக்க மாட்டார்கள். வாரத்துக்கு ஒன்று. ஆனால் பொதுவான ஆறுதல் வசனமாக எடுக்காமல், நீங்கள் எதில் விழுகிறீர்களோ அதற்கு எடுங்கள். சங்கீதம் 119:11 சொல்லும் காரணமும் அதுதான்: "உமக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்யாதபடிக்கு".

ஜெபத்தில் தேங்கி நிற்பவர்களுக்கு ஒரு பழைய முறை. 1535-இல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில், சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரின் முடிதிருத்துநரான பேதுரு, எப்படி ஜெபிப்பது என்று கேட்டதற்கு லூத்தர் எழுதிக்கொடுத்தார். ஒரு கட்டளையை எடுத்து நான்கு இழையாகப் பின்னு என்றார்: இது எனக்கு என்ன கற்பிக்கிறது, இதற்காக எதைச் சொல்லி நன்றி செலுத்துவேன், இதில் நான் அறிக்கையிட வேண்டியது என்ன, இதை வைத்து என்ன கேட்பேன். எபேசியர் 4:29-ஐ, "கெட்ட வார்த்தை ஒன்றும் உங்கள் வாயிலிருந்து புறப்படவேண்டாம்" என்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சு கேட்பவரைக் கட்டவேண்டும் என்று கற்பிக்கிறது. எனக்கு அப்படிப் பேசின அத்தைக்காக நன்றி. நேற்று மருமகளிடம் குத்தலாகப் பேசினேன், அது பாவம். இன்று காலை அவள் காபி கொண்டுவரும்போது என் வாயைக் காத்தருளும். மூன்று நிமிடம்கூட ஆகாது. ஸ்தோத்திரத்தை ஐம்பது முறை சொல்லிவிட்டு எழுவதைவிட இதில் நாம் எங்கே நிற்கிறோம் என்பது தெளிவாகத் தெரியும்.

இப்போது வளர்ச்சி நடக்கிற இடத்துக்கு வருகிறோம்: கீழ்ப்படிதல். இதில் அநேகருடைய தீர்மானம் தோற்பதற்குக் காரணம் அது பொத்தாம்பொதுவாக இருப்பது. "இனிக் கோபப்பட மாட்டேன்" என்பது தீர்மானமே அல்ல. எபேசியர் 4:22-32-இல் பவுல் ஒன்றைக் களையச் சொன்னால் அந்த இடத்தில் இன்னொன்றைத் தரிக்கச் சொல்கிறார். பொய்யைக் களைந்தால் மெய்யைப் பேசு. திருடினவன் திருடாமலிருந்தால் போதாது. கையால் வேலை செய்து, குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்க வேண்டும். வெறும் இடத்தில் பழையது திரும்பிவந்து உட்காரும்.

ஆகவே ஒரே ஒரு காரியத்தை எடுங்கள், ஆறு வாரம். எப்போது, யாரிடம், எந்த இடத்தில் விழுகிறீர்கள் என்று முதல் வாரம் எழுதிப் பார்த்தால் போதும். மாலை ஏழு மணி, பிள்ளையின் வீட்டுப்பாடம், உங்களுக்குப் பசி, போனில் அலுவலகச் செய்தி. காரணத்தில் பாதி அங்கேயே அகப்படும். இரண்டாம் வாரம் முதல் மாற்று: வந்ததும் சாப்பாடு, போன் அடுத்த அறையில், குரல் உயர்ந்தால் பிள்ளையிடம் அன்றைக்கே மன்னிப்பு. பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது பெற்றோருக்கு எவ்வளவு கஷ்டம் என்று முதல் முறை கேட்கும்போது தெரியும்.

ஆறு வாரத்துக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. அண்ணன் தம்பி சொத்துத் தகராறு, பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனார், திருப்பித் தராத கைமாற்று. மத்தேயு 5:23-24 காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாக, அதாவது சமாதானமாக, சொல்கிறது. இதைத் தொடாமல் எத்தனை உபவாச ஜெபம் இருந்தாலும் அந்த இடத்தில் வளர்ச்சி நின்றே இருக்கும். எதிராளி ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உங்கள் பங்கை நீங்கள் செய்தீர்களா என்பதே கேள்வி. வட்டியோடு கணக்குப் பார்க்கப் போகாதீர்கள், உங்கள் தவறு என்னவோ அதை மட்டும் பேர் சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள். "நான் ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னிச்சுக்கோ" என்பது மன்னிப்புக் கேட்டதாகாது.

தனிப்பொறுப்பு என்றால் தனிமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கூட்ட மண்டபத்தின் கடனைத் தீர்க்க, மெதடிஸ்டுகள் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரிந்து, வாரம் ஆளுக்கு ஒரு பென்னி சேர்த்தார்கள். காசு வாங்க வீடு வீடாகப் போன தலைவர்கள் யார் குடிக்கிறார், யார் மனைவியோடு சண்டையிடுகிறார் என்று கண்டுகொண்டார்கள். மெதடிஸ்டுகளின் தலைவர் ஜான் வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டு, வாரந்தோறும் ஒருவரையொருவர் "உன் ஆத்துமா எப்படி இருக்கிறது" என்று விசாரிக்கும் வகுப்புகளாக அதை மாற்றினார். பிரசங்கத்தைக் கேட்டவர்கள் சிதறிப்போகாமல் நின்றதற்கு அந்த வகுப்புகள் ஒரு பெரிய காரணம்.

உங்களுக்கு இரண்டு மூன்று பேர் போதும். ஆண்களோடு ஆண்கள், பெண்களோடு பெண்கள். வாரம் முக்கால் மணி நேரம், ஒரே கிழமை, ஒரே நேரம். என்ன வாசித்தாய், எதில் கீழ்ப்படிந்தாய், எதில் விழுந்தாய், போன வாரம் சொன்னதைச் செய்தாயா: இந்த நான்கு கேள்வி. கடைசிக் கேள்வி இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் அது டீ குடிக்கும் கூட்டமாகிவிடும். கேட்டது வெளியே போகக் கூடாது. "சிஸ்டருக்காக ஜெபியுங்கள், அவர்கள் வீட்டில் ஒரு பிரச்சினை..." என்று வாட்ஸ்அப்பில் போவது ஜெபக்குறிப்பு அல்ல, புறங்கூறுதல். அந்த ஒரு கசிவு போதும், பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கற்பிப்பதும் வளர்க்கும். எபிரெயரில் "போதகராயிருக்கவேண்டிய" என்றது பிரசங்க மேடையை மட்டும் குறிக்கவில்லை. ஞாயிறுபள்ளியில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் எடுங்கள், "இயேசு ஏன் சாகணும்?" என்று ஒரு பிள்ளை கேட்டதும் நமக்கு எது தெரியும், எது தெரியாது என்பது வெளிச்சமாகிவிடும்.

இவ்வளவும் செய்தும் உள்ளம் வறண்டே இருந்தால்? சில வறட்சி சாதாரணமானது, காத்திருந்தால் கடக்கும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் விருப்பமில்லை, சாவைப் பற்றிய எண்ணம் வருகிறது என்றால் அதை விசுவாசக் குறைவு என்று எண்ணி இன்னொரு உபவாசம் போடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். சாக விரும்பின எலியாவுக்குத் தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19).

நேர்மாறான ஆபத்து, நன்றாகப் போகிறபோது வரும். நோட்டு நிரம்பும், அதிகாரக் கணக்கு ஏறும், கூடவே பக்கத்து இருக்கைக்காரர் வேதாகமத்தைப் புரட்டத் தெரியாமல் தடுமாறுவதைப் பார்த்து உள்ளே ஒரு சிரிப்பும் வரும். 2 பேதுரு 1:5-7-இல் விசுவாசத்தில் தொடங்கும் வரிசை எங்கே முடிகிறது என்று பாருங்கள்: சகோதர சிநேகம், கடைசியில் அன்பு. ஞானம் மூன்றாவது படியில்தான் இருக்கிறது.

இனி சபை மாறுவது. மேலே சொன்னதில் வாசிப்பு, ஒரு கீழ்ப்படிதல், இரண்டு மூன்று பேர் கூட்டம் இந்த மூன்றையாவது ஆறு மாதம் இப்போதிருக்கும் சபையிலிருந்தே செய்யுங்கள். செய்தி ஆழமில்லை என்பது அதற்குள் குறையாகத் தெரியாமல் போகலாம். அல்லது குறை என்ன என்று வசனத்தோடு சொல்லத் தெரிந்திருக்கும். அப்படித் தெரிந்தால் பாஸ்டரிடம் தனியாகப் போய், மரியாதையோடு, "ஐயா, ரோமர் நிருபத்தை அதிகாரம் அதிகாரமாக எடுப்பீர்களா" என்று கேளுங்கள். பல ஊழியர்கள் சபை அதைக் கேட்காது என்று எண்ணித்தான் எடுக்காமல் இருக்கிறார்கள். ஆனால் கிறிஸ்துவின் சிலுவையைவிடக் காணிக்கைக்கு அதிக நேரம் போகிறது, கேள்வி கேட்டால் "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று வாயை அடைக்கிறார்கள், பணக்கணக்கு யாருக்கும் காட்டப்படுவதில்லை, அல்லது பெண்களிடமும் பிள்ளைகளிடமும் தவறான நடத்தை இருக்கிறது என்றால் ஆறு மாதம் காத்திருக்கத் தேவையில்லை. கடைசியாகச் சொன்னது நடந்திருந்தால் காவல்துறைக்குத் தெரிவித்துவிட்டே வெளியேறுங்கள். புதிய சபைக்குப் போனாலும் அந்த நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பழைய சபையின் குறைப் பட்டியலை அங்கே யாரிடமும் ஒப்பிக்க வேண்டாம்.